முழங்காலில் கட்டிய மெஷின்

சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் துணி காயாது, விறகு எரியாது, தீப்பெட்டி பற்றாது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். ஹைருன் பீவிக்கு அது பீடியைப் பற்றிய கவலை. ஊறவைத்த இலை கொஞ்சம் கூடுதலாகக் கிடந்தாலும் பூசணம் பூத்துவிடும். சுற்றிய பீடி ஈரம் வாங்கினால் தளர்ந்துபோகும். பீடிக்கடைக் கணக்கப்பிள்ளை அதை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துக் கழித்துப் போட்டுவிடுவார். அதனால் அவள் அடுப்புக்கு மேலே ஒரு பழைய சல்லடையைத் தொங்கவிட்டு, கஞ்சி கொதிக்கும்போதே பீடிகளையும் அதில் பரப்பி வாட்டுவாள். நனைந்த விறகு சூட்டைவிடப் புகையைத்தான் அதிகம் தந்தது.

இத்தனையும் உள்வீட்டில், முடுக்குச் சந்துப் பக்கத்துக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் நடந்தது. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் பீடி சுற்றினார்கள். யாரும் ஒளித்துச் செய்யவில்லை. ஹைருன் பீவி ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் ஆதம் சவூதிக்குப் போய் மூன்று வருஷமாகிறது. புறப்படுகிற அன்று வாசலில் நின்று, தம்பி மசூதும் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டுப் போனான்: “எங்க உம்மா பீடி சுத்திச் சுத்தியே நெஞ்சு காஞ்சு மவுத்தாப் போனா. எம் பொண்டாட்டி புள்ள கையில அந்த நூலு படப்படாது.” கேட்டுக்கொண்டிருந்த மசூது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

போன நோன்புக்குப் பிறகு ஆதம் வேலை பார்த்த கம்பெனி படுத்துவிட்டது. திரும்பி வரவும் வழியில்லை, வேறு இடத்தில் சேரவும் அனுமதியில்லை. அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று ஆள் மூலமாகச் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தான். ஹைருன் பீவி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு ஹாஜரா பீவியின் பெயரில் இலையும் தூளும் வாங்கி, அவள் பெயரிலேயே பீடியைக் கொடுத்தனுப்பினாள். ஹாஜரா பீவியும் இந்தக் காதில் வாங்கியதை அந்தக் காதுக்குக்கூடச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களை ஆண்டவன் ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது வைத்திருக்கிறான்.

மகள் ராபியா பத்தாம் வகுப்பு படித்தாள். ஆனி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு முடுக்குக் கதவு வழியாக ஓடிவந்தவள், தாவணியைக் கொஞ்சம் விலக்கி இடுப்பைக் காட்டினாள். கைக்கடிகாரம் போல வட்டமாக ஒன்று மாட்டியிருந்தது.

“உம்மா, இங்கன பாரேன். எனக்கு என்ன குடுத்திருக்காவன்னு.”

“வாச்சா? யாருட்டி குடுத்தா? எதுக்குக் குடுத்தா? மொதல்ல திருப்பிக் குடுத்துட்டு வா.”

“வாச்சு இல்லம்மா. நடந்தா அடிய எண்ணி மைல் காட்டுத மெஷினு. ஜப்பான்ல செஞ்சது. நீலான்னு ஒரு டீச்சர், காலேஜ்ல பாடம் சொல்லிக் குடுக்கவ, வெளியூர்லேருந்து வந்திருக்காவ. எங்க வயசுப் புள்ளைய ஒரு நாளைக்கு எம்புட்டு நடக்கு, அதுக்கு எம்புட்டுச் சோறு வேணும்னு கண்டுபிடிக்காவளாம்.”

“சோறு எம்புட்டு வேணும்னு எங்கிட்ட கேட்டா நாஞ் சொல்லுவேனே. பானையச் சுரண்டுத சத்தம் கேட்டாத்தான் நீ எந்திரிப்ப.”

“கேளும்மா. அதுக்கு முன்னால, இந்த மெஷினு சரியாச் சொல்லுதான்னு பாக்கணுமாம். இன்னைக்கு மைதானத்துல எங்கள நடக்கவிட்டாவ. பக்கத்துலயே அவ்வோளும் நடந்து எண்ணிக்கிட்டே வந்தாவ. மெஷினு சொன்னதும் அவ்வோ சொன்னதும் ஒண்ணுபோல இருந்துச்சு.”

“ரெண்டு காலு நடக்கத எண்ணதுக்குப் படிச்ச பொம்பள வேற வேணுமாக்கும்! நீ படிச்சு எத எண்ணப் போற?”

“பீடியத்தான்.”

ஹைருன் பீவி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “சரி, சொளவ எடுத்துப் போடு. இலை ஊறிக் கிடக்கு” என்றாள்.

சப்பணமிட்டு, இலையும் தூளும் பரப்பிய முறமான சொளவை மடியில் வைத்ததும் மெஷினின் கொக்கி ராபியாவின் அடிவயிற்றில் குத்தியது. இரண்டு மூன்று தடவை நெளிந்து பார்த்தாள்.

“கழட்டி வையேன்.”

“தூங்கையிலயும் குளிக்கையிலயும் தவிர கழட்டவே கூடாதுன்னு சொல்லிருக்காவ.”

“கழட்டத்தான கூடாது? எடம் மாத்தலாம்லா?”

இப்படிச் சொல்லி ஹைருன் பீவி தானே பீடி நூலை நாலு புரியாக முறுக்கி, பாவாடைக்கு மேலே மகளின் முழங்காலோடு சேர்த்து மெஷினைக் கட்டிவிட்டாள். நல்ல நினைப்போடு செய்த காரியம்தான். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது மெஷின் மறுபடி இடுப்புக்கு ஏறியது. சாயங்காலம் முழங்காலுக்கு இறங்கியது. பிள்ளை உடம்பில்தானே இருக்கிறது என்று இரண்டு பேருமே அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பீடி சுற்றுகிறவர்களின் உடம்பு ஒரு தாளத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். கை இலையைப் பிடித்து, தூளைக் கிள்ளிப் போட்டு, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்கும். அந்த வேகத்துக்குச் சிலருக்குத் தலை ஆடும், சிலருக்கு உதடு அசையும். ராபியாவுக்கு முழங்கால் ஆடும். ஆடுவது அவளுக்கே தெரியாது.

ஒரு வாரம் கழித்து நீலா எல்லாருடைய மெஷினிலும் முள் காட்டிய மைல்களைப் பார்த்தாள். ராபியாவுடையதுதான் எல்லாரையும்விட அதிகம். மலையடிவாரத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளைவிடவும் அதிகம்.

“நல்லா நடக்குறியேம்மா” என்று நீலா மகிழ்ந்துபோய்ச் சொன்னாள். ராபியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பரிசு கிடைத்ததுபோலக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

*

மசூது சீசனுக்குக் குற்றாலத்தில் கடை போடுவான். பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு பலகைத் தட்டு. துண்டு, சோப்பு, எண்ணெய், சீப்பு. அந்த வருஷம் அருவியில் தண்ணீர் கொட்டியும் கூட்டம் குறைவு. நாள் முழுக்கப் பலகையில் உட்கார்ந்து, விற்காத துண்டுகளைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருப்பான். மடிக்கும்போது ஒரு கால் ஆடும்.

“ஓய் பாய், கால ஆட்டாதீரும். வந்த சீதேவி இறங்கிப் போயிருவா” என்று பக்கத்து நேந்திரங்காய் வறுவல் கடை செல்லச்சாமி கத்துவான்.

“வந்தாத்தானவே போறதுக்கு!”

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் வாலாம்பாள் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அந்தப் பக்கமாக வந்தார். துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தபடி பேச்சுக் கொடுத்தார்.

“மசூது பாய், உங்க அண்ணன் மவ ராபியா கெட்டிக்காரி. எங்க ஸ்கூல்ல நடக்கதுல அவதான் இப்ப முதல்.”

“நடக்கதுலயா? படிப்புல இல்லையா டீச்சரம்மா?”

“படிப்பும் நல்லாத்தான் படிக்கா. இது ஒரு மெஷினு, நடந்தா மைல் காட்டும். ஒங்க புள்ளைக்குக் காட்டுத மைலப் பாத்தா, தெனம் தென்காசியிலேருந்து குத்தாலத்துக்கு நடந்து வந்துட்டு நடந்தே திரும்பிப் போகுதா போல இருக்கு!”

டீச்சர் சிரித்தார். மசூதும் சிரித்தான். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அவன் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு மெல்ல இறங்கிப்போனது.

பெரிய மனுஷியான பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்று பள்ளிவாசலில் பெரியவர்கள் சொன்னபோது, எழுந்து நின்று பேசியவன் மசூது. “நேரா போவா, நேரா வருவா. எங்க ஆதம் காக்கா ஊர்ல இல்ல. அதுக்கு நான் ஜவாப்” என்று சொல்லியிருந்தான். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அரை மைல் இருக்காது. மிச்ச மைலெல்லாம் எங்கே நடந்த மைல்?

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் அண்ணன் வீட்டுக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வருவது மசூதின் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் வரை காத்திருந்து, அஸர் தொழுகைக்குப் பிறகு போனான். கதவைத் தட்டினான். எப்போதும்போலத் திறக்க நேரமாயிற்று. உள்ளே சொளவுகள் கட்டிலுக்கு அடியில் போய், சல்லடை இறங்கி, கையெல்லாம் கழுவப்பட்ட பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். அவனுக்கு அது தெரியாது. பெண்கள் மட்டும் இருக்கிற வீடு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டுதானே வருவார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

ஹைருன் பீவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

“ராபியா, இங்கன வாம்மா.”

அவள் கதவு ஓரமாக வந்து நின்றாள்.

“ஸ்கூல் விட்டு எங்கம்மா போற?”

“எங்கயும் போவல சாச்சா. நேரா வீட்டுக்குத்தான் வாரேன்.”

“ஒரு நாளும் போவலயா?”

“இல்ல சாச்சா.”

“பொறவு அந்த மெஷினு அத்தன மைல் காட்டுதாமே?”

ராபியா குனிந்து மெஷினைப் பார்த்தாள். அது அவளுக்கே விளங்காத விஷயம்.

“நாங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணு ரெண்டு கூட்டிக் கொறச்சுச் சொல்லுவோம்மா. மனுஷ வாய் அப்படி. மெஷினுக்கு ஒம்மேல என்ன கோவம்?”

“தம்பி, அவ இந்த வீட்டத் தாண்டி எங்கயும் போவல. நாந்தான் கூடவே இருக்கேனே” என்றாள் ஹைருன் பீவி.

“கூட இருந்தா, இவ்வளவு நேரமும் ரெண்டு பேரும் என்ன செய்யிதிய மைனி?”

ஹைருன் பீவி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். அந்த மௌனம் மசூதுக்கு வேறு மாதிரிப் பட்டது. தாயும் சேர்ந்து எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தான். நினைத்ததில் தவறில்லை, எதை என்பதில்தான் தவறிவிட்டான்.

“நான் ஊருக்கு ஜவாப் சொன்னவன். காக்கா வந்து கேட்டா என்ன சொல்லுவேன்? திங்கக்கிழமையிலேருந்து ஸ்கூல் வேண்டாம். அந்த மெஷினையும் குடுத்தனுப்பிருங்க.”

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காப்பி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

அவன் போனதும் ராபியா அழுதாள். ஆனால் ஊறிய இலை அழுகை ஓயும் வரை காத்திருக்காது. அதனால் அழுதுகொண்டே சொளவை எடுத்தாள். அழுதுகொண்டே மெஷினை முழங்காலில் கட்டினாள். டீச்சர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கட்டினாள். நாலைந்து பீடி சுற்றியிருப்பாள். வெளியே சாரல் சற்று ஓய்ந்தது. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். கையை நிறுத்தினாள். சத்தம் நின்றது. மறுபடி சுற்றினாள். டிக், டிக்.

“உம்மா, இங்கன ஒன் கைய வையேன்.”

ஹைருன் பீவி மகளின் முழங்காலில் கையை வைத்தாள். அது ஒரு சின்ன மிருகம்போலத் துள்ளிக்கொண்டிருந்தது. மெஷினின் முள் மெல்ல நகர்ந்தது.

“அட அல்லா! இதுவா நடை?”

“ஒக்காந்துகிட்டே நடந்திருக்கேம்மா.”

இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் ஹைருன் பீவி எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டாள்.

“இப்பவே ஹாஜராவ விட்டு ஒங்க சாச்சாவக் கூப்பிடுதேன். பீடி சுத்துதோம்னு சொல்லிருதேன். ஒம் படிப்பு போவக் கூடாது.”

ராபியா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்மா. சொன்னா என்ன நடக்கும்? சாச்சா நாளைக்கே அரிசி மூட்டையோட வந்து நிப்பாவ. அவ்வோ வீட்லயும் நாலு புள்ளைய இருக்கு. துண்டும் விக்கல. வாப்பா காதுக்குப் போனா, அங்கன ஒத்தையில கெடந்து என்ன பாடு படுவாவ?”

“அப்ப ஒன்னப் பத்தி ஒங்க சாச்சா தப்பா நினைச்சுக்கிட்டே இருக்கட்டுமா?”

ராபியா சேலையை விடவில்லை. ஹைருன் பீவி மெல்ல உட்கார்ந்தாள். செய்த நன்மையை மறைக்கிற நல்லவர்கள் உண்டு. பட்ட கஷ்டத்தை மறைக்கிற நல்லவர்களும் உண்டு. பின்னவர்களுக்குத்தான் உலகத்தில் உதவி கிடைப்பது கடினம்.

*

திங்கட்கிழமை ராபியாவின் இடம் காலியாக இருந்தது. செவ்வாயும் காலியாக இருந்தது. அன்று சாயங்காலம் வாலாம்பாள் டீச்சரும் நீலாவும் ஒரே குடையில் நனைந்துகொண்டு முடுக்கு வழியாக வந்தார்கள். ஹாஜரா பீவிதான் வழி காட்டினாள்.

நீலாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஈரச் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பாய் விரிக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை.

“உடம்பு சரியில்லையா ராபியா?”

ராபியா மெஷினைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். “டீச்சர், நான் எங்கயும் நடக்கல” என்று சொல்லும்போதே உடைந்துவிட்டாள்.

ஹைருன் பீவிதான் எல்லாவற்றையும் சொன்னாள். மசூது வந்தது, பள்ளிக்கூடத்தை நிறுத்தியது, முழங்காலில் கட்டியது, பீடி, ஆதம், எல்லாம். வெளியாள் என்பதால் சொல்ல எளிதாக இருந்ததோ என்னவோ.

“என் வாயாலதான வந்துச்சு” என்று வாலாம்பாள் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். “பாராட்டுதோம்னு நினைச்சேனே பாவி!”

நீலா அந்த மெஷினைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

“ராபியா, வழக்கமா உட்கார்ற மாதிரியே உட்காரு. இதைக் கட்டிக்கோ. எப்பவும்போலச் சுத்து. நான் பார்க்கிறேன்.”

ராபியா சொளவை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் கை கூசியது. இரண்டு பீடிக்குப் பிறகு பழைய வேகம் வந்துவிட்டது. நீலா மைதானத்தில் பார்த்ததுபோலவே கண் இமைக்காமல் பார்த்தாள். பிள்ளை ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. முள் நகர்ந்துகொண்டே போயிற்று.

“தப்பு என்னோடது” என்றாள் நீலா. “உங்களையெல்லாம் நடக்கவிட்டுத்தான் சரி பார்த்தேன். உட்காரவிட்டுச் சரி பார்க்கணும்னு தோணவே இல்லை. எங்கே கட்டியிருக்கீங்கன்னும் கேட்கலை.” பிறகு ராபியாவின் முகத்தை நிமிர்த்தினாள். “அழாதேம்மா. நான் சோதிக்க வந்தது மெஷினை. உன்னை இல்லை.”

“பீடின்னு மட்டும் ஒங்க வாயால வந்துரப்படாது டீச்சர். ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்” என்றாள் ஹைருன் பீவி.

“சத்தியமா வராதும்மா. ஆனா உங்க கொழுந்தனார்கிட்ட பொய்யும் சொல்ல மாட்டேன். வேற ஏதாவது வழி இருக்கும்.”

ஹைருன் பீவி சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். அதில் லேசாகப் புகையிலை நெடி அடித்தது. நீலா முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்து, “காரம் நல்லா இருக்கும்மா” என்றாள். ஹைருன் பீவிக்கு அந்த ஒரு வார்த்தையில் பாதிக் கவலை தீர்ந்துபோயிற்று.

*

மறுநாள் காலையில் நீலா குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள். மசூது கடையைத் திறந்து துண்டுகளைக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, நான் ராபியா ஸ்கூலுக்கு மெஷினோட வந்தவ. உங்ககிட்ட ஒரு உதவி வேணும்.”

அவன் முகம் இறுகியது. “புள்ளைய அனுப்பதப் பத்தின்னா பேச வேண்டாம் டீச்சரம்மா. உள்ளதச் சொன்னது ஒங்க மெஷினுதான். அதுக்கென்ன பசியா, பட்டினியா, பொய் சொல்ல?”

“அது பொய் சொல்லுதான்னு பார்க்கிறதுதான் அண்ணாச்சி என் வேலையே. நீங்க எங்கயும் போக வேண்டாம். இந்தப் பலகையிலேயே உட்கார்ந்திருங்க. இதை மட்டும் இன்னைக்கு முழங்கால்ல கட்டிக்கிடுங்க.”

“முழங்கால்லயா?”

“இடுப்புல குத்துதுன்னு உங்க பொண்ணு வீட்டுக்குப் போனதும் முழங்கால்லதான் கட்டியிருக்கா. உட்கார்ந்த இடத்துல இருந்திருக்கா. நான் கண்ணால பார்த்துட்டு வந்தேன்.”

செல்லச்சாமி எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். “கட்டிக்கிடும் பாய். வெளிநாட்டு நகை, சும்மா வருது!”

மசூது அதை அதில் கிடந்த நூலோடு வாங்கிக் கட்டிக்கொண்டான். நீலா சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று காற்றோடு சாரல் அடித்தது. தொழுகைக்கு இறங்கும்போது மெஷினைக் கழற்றிப் பலகையில் வைத்தான். வந்து மறுபடி கட்டிக்கொண்டான். மற்றபடி உட்கார்ந்தே இருந்தான். துண்டு மடித்தான். குமிழ் குமிழாக வெந்து வருகிற வறுவலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மங்குஸ்தான் விற்கிற கிழவியோடு பேசினான். கால் தன்பாட்டுக்கு ஆடியது.

விளக்குப் பொருத்துவதற்கு முன்னால் நீலா வந்தாள். மெஷினைக் கழற்றி முள்ளைக் காட்டினாள். மசூது பார்த்தான். பிறகு செல்லச்சாமி பார்த்தான்.

“பாய், பலகையில இருந்தபடியே பாவநாசத்துக்குப் பாதி தூரம் போயிட்டீரே! நான் தலையில அடிச்சுக்கிடுதேன், கால ஆட்டாதீரும் ஆட்டாதீரும்னு. கேட்டீரா?”

மசூதுக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் எங்கயும் போவலயே டீச்சரம்மா” என்றான், குற்றம் சாட்டப்பட்டவன்போல.

“உங்க பொண்ணும் அதைத்தான் அண்ணாச்சி சொன்னா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முழங்காலில் இன்னும் அந்தக் கட்டு நூல் தொங்கியது. நீலா மெஷினை மட்டும் உருவியிருந்தாள். கட்டிய நூல் யாருடைய வீட்டு நூல், என்ன நூல் என்று அவளுக்குத் தோன்றவில்லை. காலையிலிருந்து அதைக் கவனிக்காமலே கட்டியும் கழற்றியும் வந்த மசூது, இப்போது அவிழ்த்துப் பார்த்தான். சிவப்பு நூல், நாலு புரியாக முறுக்கியது. விரலில் வைத்து உருட்டிப் பார்த்தான். மூக்குக்கருகில் கொண்டுபோனான்.

அந்த நூலை அவன் விரல்கள் மறந்திருக்கவில்லை. உம்மாவின் மடியில் சொளவு இருக்கும். சொளவுக்கு இந்தப் பக்கம் அவளுடைய ஆடுகிற முழங்காலில் தலையை வைத்துத்தான் அவனும் ஆதமும் மாறிமாறித் தூங்குவார்கள். அவன் கால் ஆடக் கற்றுக்கொண்டது எங்கே என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அண்ணன் வீட்டுக் கதவு திறக்க ஏன் நேரமாகிறது என்பதும் தெரிந்தது.

“புள்ள ஒக்காந்து என்ன செஞ்சான்னு நான் கேக்கல டீச்சரம்மா” என்றான்.

“நானும் சொல்லலை அண்ணாச்சி” என்றாள் நீலா. அவன் கண்ணைப் பார்த்ததும், அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. ஒரு துண்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் அதுவரை எடுத்த ராபியாவின் மைல்களையெல்லாம் ஒதுக்கிவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மெஷின் கட்டிய ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுல உட்கார்ந்து என்ன வேலை செய்யுறே? எங்க கட்டுறே?” என்று கேட்டாள். பாதிப் பேர் சொளவைச் சொன்னார்கள். தொட்டில் ஆட்டுகிறவள் ஒருத்தி, தறிக்கு நூல் தார் சுற்றுகிறவள் ஒருத்தி. அவர்களை உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நடக்காத பிள்ளைகளுக்கும் சோறு வேண்டும் என்பதை எந்த முள்ளும் காட்டவில்லை, கேட்டபோதுதான் தெரிந்தது.

*

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அண்ணன் வீட்டுக் கதவை மசூது தட்டினான். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. கட்டிலுக்கு அடியில் எதையோ தள்ளுகிற சத்தம்.

அவன் கதவருகே வாயை வைத்து, தெருவுக்குக் கேட்காமல் சொன்னான்:

“மைனி, எதையும் எடுத்து வைக்க வேண்டாம். அப்படியே வாங்க.”

உள்ளே சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. ஹைருன் பீவியின் விரல்களில் புகையிலைத் தூள் அப்படியே இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மசூது கையில் ஒரு சாக்குப்பை வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் ஹைருன் பீவி பின்வாங்கினாள்.

“அரிசி இல்ல மைனி. ஒங்களத் தெரியாதா எனக்கு? சிரட்டைக் கரி. ஈர வெறகுப் பொகையில பீடி எப்படி வாடும்? எங்க உம்மா சாரல் காலத்துக்குக் கரிதான் போடுவா.”

“தம்பி, ஒங்க காக்கா சொன்ன சொல்ல நான்...”

“காக்கா வந்தா நான் சொல்லிக்கிடுதேன். ஒங்களுக்குக் கஷ்டம் வரப்படாதுன்னுதான காக்கா அப்படிச் சொன்னாவ. வந்த கஷ்டத்த நீங்க ரெண்டு பேருமா சுமக்கிய. நான் தெரியாம மேல ஒண்ண ஏத்திட்டேன்.”

அவன் முன்னறைக்குப் போய், எப்போதும் சாத்தியே கிடந்த தெருப்பக்கத்து ஜன்னலைத் தள்ளினான். ஈரத்தில் ஊதியிருந்த மரம் முதலில் நகரவில்லை. தோளால் இடித்துத் திறந்தான். மலைக்காற்றும் வெளிச்சமும் உள்ளே வந்தன.

“இனிமே இங்கன இருந்து சுத்துங்க. உள்ள கெடந்தா புள்ள நெஞ்சுக்கு ஆவாது.”

ராபியா உள்வீட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். அவளை நேராகப் பார்க்க மசூதுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ராபியா, சாச்சாவ மன்னிச்சிரும்மா.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க சாச்சா.”

“திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போ. நானே கூட்டிட்டுப் போயி...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். “இல்ல. நீயே போ. நீயே வா.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு சொளவை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலடியில் உட்கார்ந்தாள். ஹைருன் பீவி கருப்பட்டிக் காப்பி போடப் போனாள். கரி பிடித்துக்கொண்ட வாசனை உள்ளிருந்து வந்தது. மசூது எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இலை நறுக்குகிற பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் போனவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலப் போனார்கள்.

ராபியாவின் முழங்கால் ஆடத் தொடங்கியது. சற்று நேரத்தில் எதிரே மசூதின் முழங்காலும் ஆடியது. இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. காப்பியோடு வந்த ஹைருன் பீவிதான் அதைப் பார்த்து, தம்ளரைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.